மிதிவண்டிக்கென ஒரு பாதை

திருவனந்தபுரத்திலிருந்து தென்கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும், விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்திலும் அமைந்தன. எனினும், சந்தைக்கும் பள்ளிக்கும் வேலைக்குமாக எல்லையின் இருபுறத்து மக்களும் இன்றும் இச்சாலையையே நம்பியிருக்கின்றனர். இத்தகைய சாலையில் மிதிவண்டியில் செல்வோருக்குத் தனிப்பாதை எப்பொழுது அவசியமாகின்றது, அது எவ்வாறு அமைய வேண்டும், அதனை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

பிரித்து வைப்பதன் காரணம்

மிதிவண்டி மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. அதனருகே 60 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் வண்டி ஒன்று செல்வதாகக் கொள்வோம். வேகம் நான்கு மடங்கானால், எடை ஒன்றாகவே இருப்பினும், இயக்க ஆற்றல் பதினாறு மடங்காகின்றது. மோட்டார் வண்டியின் எடையோ மிகப் பெரிது. ஆகவே மோதல் நேர்ந்தால் அதன் கேடு முழுவதும் மிதிவண்டியில் செல்பவரையே சேர்கின்றது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 4,800க்கும் மேற்பட்டோர் மிதிவண்டியில் சென்றவர்கள் ஆவர்.

அளவுகள்

மிதிவண்டிப் பாதைகளின் அமைப்பைப் பற்றி இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962ஆம் ஆண்டிலேயே நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. 2015இல் அது திருத்தப்பட்டது. 1962ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, மணிக்கு 100 முதல் 200 வரை மோட்டார் வண்டிகள் செல்லும் சாலையில், நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் 400 மிதிவண்டிகள் சென்றால் தனிப்பாதை அமைக்கலாம். மோட்டார் வண்டிகள் 200க்கு மேற்பட்டாலோ, 100 மிதிவண்டிகளே போதுமான காரணமாகும். பாதையின் அகலம் 2 மீட்டருக்குக் குறையலாகாது. ஒருவரையொருவர் முந்திச் செல்ல வேண்டுமாயின் 3 மீட்டர் வேண்டும். பாதைக்கும் மோட்டார் சாலைக்கும் இடையே 1 மீட்டர் இடைவெளி விடுவது முறையாகும்.

நெய்யாற்றின்கரைப் பகுதி சமவெளியன்று. மேடும் பள்ளமும் மாறிமாறி வரும் செம்மண் நிலம். ஆகையால் இங்குச் சாலையின் சரிவையும் கருத வேண்டும். மாணவனும் மிதிவண்டியும் சேர்ந்து 60 கிலோ எடை எனக் கொள்வோம். 30 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில் ஏறுவது, சமதரையில் ஓட்டும்போது 2 கிலோ எடையின் விசை இடைவிடாது பின்னோக்கி இழுப்பதற்கு ஒப்பாகும். இத்தகைய ஏற்றம் 90 மீட்டர் நீளத்திற்கு மேற்படலாகாது என்று அந்நெறிமுறை வரையறுத்தது. ஏற்றத்தில் வேகம் குறையுமாதலின் வண்டி நேராகச் செல்லாமல் இருபுறமும் அலையும். எனவே தனிப்பாதையும் போதிய அகலமும் மேட்டிலேதான் மிகுதியும் வேண்டப்படுவன.

விதிகளும் வழக்கமும்

மிதிவண்டிக்கென ஒதுக்கிய பாதையில், சீருடையணிந்த போலீஸ் அதிகாரியின் அனுமதியின்றி மோட்டார் வண்டி ஓட்டலாகாது என்பது 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே கூறப்பட்டது. அவற்றிற்குப் பதிலாக 2017இல் வந்த ஒழுங்குமுறைகள், நடைபாதையிலும் மிதிவண்டிப் பாதையிலும் வண்டி நிறுத்துவதைத் தடை செய்கின்றன. ஒழுங்குமுறைகளை மீறுவோருக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வகை செய்தது.

மிதிவண்டியில் செல்வோருக்கும் கடமைகள் உண்டு. போக்குவரத்து செல்லும் திசையிலேயே செல்லுதல், விளக்குக் குறிகளுக்குக் கட்டுப்படுதல், திரும்புமுன் கைகாட்டுதல், இருட்டில் விளக்கும் பின்புறச் சிவப்பு ஒளிர்வில்லையும் பயன்படுத்துதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சந்திப்புகளில் தனி விழிப்பு வேண்டும். இடப்புறம் திரும்பும் பேருந்தோ லாரியோ தனக்குப் பக்கத்தில் நேராகச் செல்லும் மிதிவண்டியைக் காணாதிருத்தல் கூடும். எனவே, பெரிய வண்டியின் இடப்புறத்தில் நெருங்கி நிற்றல் ஆபத்தாகும்.

பாதை பயனுள்ளதாக இருப்பதற்கு அது இடையறாது செல்லவும் வேண்டும். நூறு மீட்டருக்கு ஒருமுறை நிறுத்திய காரோ, கடையின் பலகையோ, குவித்த மணலோ குறுக்கிட்டால், மாணவன் ஒவ்வொரு முறையும் மோட்டார் சாலைக்குள் இறங்கி ஏற நேரும். தொடக்கத்திலிருந்தே சாலையில் செல்பவனை ஓட்டுநர் எதிர்பார்ப்பார். திடீரென இறங்குபவனை எதிர்பாரார். இவ்வகையில் அரைகுறைப் பாதை, பாதையின்மையினும் கேடு தரக்கூடும்.

எண்ணிக்கையில் மறைவது

தமிழ்நாட்டு அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் அத்திட்டத்தை விரிவாக்கியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். வண்டியும் பயிற்சியும் கிடைத்தபின் எஞ்சுவது, அஞ்சாது செல்லத்தக்க வழியே.

இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. மிதிவண்டிகளின் எண்ணிக்கையைக் கொண்டு பாதையின் தேவையை அளவிடுகின்றோம். ஆனால் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, பெற்றோர் தம் பிள்ளைகளை மிதிவண்டியில் அனுப்ப அஞ்சுகின்றனர். சாலை மிகவும் ஆபத்தாகிய இடத்தில் எண்ணிக்கையும் மிகவும் குறைந்துவிடும். குறைந்த எண்ணிக்கையோ பாதை தேவையில்லை என்பதற்குச் சான்றாகிவிடும். ஆற்றைக் கடக்க நீந்துவோரை எண்ணிப் பாலத்தின் தேவையை முடிவுசெய்வது போன்றதாகும் இது.

ஆகவே களப்பணியாளர்கள் பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் சாலையில் கணக்கெடுப்பதோடு நின்றுவிடலாகாது. ஆசிரியர்கள் தம் வகுப்பில் மூன்று கேள்விகளைக் கேட்டு விடைகளைப் பட்டியலிடலாம்: வீட்டில் மிதிவண்டி உள்ளோர் எத்தனை பேர்? அதில் பள்ளிக்கு வருவோர் எத்தனை பேர்? வாராதோர் எந்த இடத்திற்கு அஞ்சி வருவதில்லை? மூன்றாம் கேள்வியின் விடைகளை ஊர்ப்படத்தில் குறித்தால், பாதை முதலில் எங்கே தேவை என்பது தெளிவாகும். அப்படத்தையும் எண்ணிக்கைப் பட்டியலையும் ஒருசேர நகரசபைக்கோ பஞ்சாயத்துக்கோ பொதுப்பணித் துறைக்கோ அளிப்பது, ஒரு வகுப்பு ஒரு வாரத்தில் செய்து முடிக்கக்கூடிய பணியாகும்.