கோடை வெப்பத்தில் நீச்சல் குளத்து மோட்டார்

ஹைதராபாத் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் கருங்கல் பாறைகளின்மீது அமைந்துள்ளது. ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே வெப்பநிலை 40 டிகிரி சென்டிகிரேடைக் கடப்பது இங்கு வழக்கம். 1966-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் 45.5 டிகிரி பதிவாயிற்று. இத்தகைய நாட்களில் நீச்சல் குளத்து நீரைச் சுழற்றி வடிகட்டும் மோட்டார் கருகிவிட்டால், பழி முழுவதும் வெயிலின்மேல் சுமத்தப்படுகிறது. வெயிலுக்கு இதில் பங்கு உண்டு. ஆயினும் வெயில் தனித்து ஒரு நல்ல மோட்டாரைக் கருக்கிவிடுவது அரிது.

மோட்டாருக்குள் செல்லும் மின்சக்தி முழுவதும் சுழற்சியாக மாறுவதில்லை; ஒரு பகுதி செப்புக் கம்பிச் சுருளிலும் இரும்பிலும் வெப்பமாகிறது. அச்சின் பின்முனையிலுள்ள விசிறி, வெளிக்காற்றை உடலின்மேல் செலுத்தி அவ்வெப்பத்தை அகற்றுகிறது. ஆகவே சுருளின் வெப்பநிலை என்பது, சுற்றுக்காற்றின் வெப்பநிலையும் அதற்குமேல் மோட்டார் தானே உண்டாக்கிய ஏற்றமும் சேர்ந்த தொகையாகும். பொதுப் பயனுக்குரிய மோட்டார்கள் 40 டிகிரி காற்றிலும், 1000 மீட்டருக்கு மேற்படாத உயரத்திலும் இயங்குமாறு அமைக்கப்படுகின்றன. உயரத்தால் ஹைதராபாத்துக்குத் தொல்லை இல்லை. காற்றின் வெப்பத்தால்தான் உண்டு.

சுருளைச் சுற்றியுள்ள மின்காப்பு எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதைப் பெயர்த்தகட்டிலுள்ள எழுத்து காட்டும். ‘ஏ’ வகுப்பு 105 டிகிரியும், ‘ஈ’ 120-உம், ‘பி’ 130-உம், ‘எஃப்’ 155-உம் தாங்கவல்லவை. ‘பி’ வகுப்பில் காற்றுக்கு 40, ஏற்றத்துக்கு 80, சுருளின் மிகச் சூடான புள்ளிக்கு 10 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. காற்று 45 டிகிரியானால் 5 டிகிரி மட்டுமே குறைகிறது. அதே மோட்டார் காற்றோட்டமில்லாத தகரப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, பெட்டிக் காற்று 55 டிகிரியை எட்டுமானால், ஏற்றத்துக்கு எஞ்சுவது 65 டிகிரிதான். அப்பொழுது மோட்டாரின் சுமையை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைக்கவேண்டும். பம்பின் சுமையோ பெட்டியைப் பார்த்துக் குறைவதில்லை.

வரம்பைக் கடந்தவுடன் காப்பு எரிந்துவிடுவதில்லை. அது விரைவில் மூப்படைகிறது. 1930-இல் மான்ட்சிங்கர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் மின்மாற்றிகளின் காப்பை ஆராய்ந்து, சுமார் 8 டிகிரி கூடுந்தோறும் அதன் ஆயுள் பாதியாகும் எனக் கண்டார். மோட்டார்களுக்கு 10 டிகிரி என்னும் கணக்கு இன்று பொதுவாகக் கையாளப்படுகிறது. ஒரு கோடையில் பட்ட துன்பத்தை மோட்டார் அடுத்த மழைக்காலத்தில் வெளிக்காட்டுவதும் உண்டு.

வெயிலைக் காட்டிலும் கொடியது குறைந்த மின்னழுத்தம். கோடையில் குளிர்சாதனங்கள் பெருகுவதால் தெருக்கோடியில் 230 வோல்ட் 200-ஆகத் தாழ்ந்தது எனக் கொள்வோம். பம்புக்கு வேண்டிய ஆற்றல் மாறாததால் மோட்டார் ஏறத்தாழ 15 சதவீதம் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்ததாகையால், அது மூன்றில் ஒரு பங்கு பெருகிவிடுகிறது. சூடேறிய செம்பின் மின்தடையும் டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவில் கூடி, இதற்குத் துணை செய்கிறது.

உடலைத் தொட்டுப் பார்த்து முடிவு கூறுவது தவறு. 60 டிகிரி உலோகத்தின்மேல் கையைச் சில விநாடிகளுக்குமேல் வைக்க இயலாது. ஆயினும் அது ‘பி’ வகுப்பு மோட்டாருக்கு இயல்பான நிலையே. சுருளின் மின்தடையை அளப்பதே நம்பகமான வழி. பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்துகாட்டலாம். காலையில் 27 டிகிரியில் தடை 4.00 ஓம் எனவும், நண்பகலில் ஓடி நின்றவுடன் 5.10 ஓம் எனவும் கொள்க. 27-உடன் 235-ஐக் கூட்டினால் 262, அதை 5.10-ஆல் பெருக்கி 4.00-ஆல் வகுத்தால் 334. மீண்டும் 235-ஐக் கழிக்க 99 டிகிரி கிடைக்கிறது. இது சுருளின் சராசரி. மிகச் சூடான புள்ளிக்கு மேலும் 10 சேர்க்கவேண்டும். ‘பி’ வகுப்புக்கு இது அச்சமற்ற நிலை. பழைய ‘ஏ’ வகுப்புக்கு வரம்பு மீறிய நிலை. அளக்குமுன் மின்தொடர்பை முற்றிலும் துண்டித்து, மின்தேக்கியிலுள்ள மின்னூட்டத்தையும் நீக்கிவிடவேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்குதான் விபத்துகள் நேர்கின்றன.

நீச்சல் குளத்தில் மற்றொரு சிக்கல் உண்டு. கோடையில்தான் குளிப்போர் மிகுதி; பாசியும் விரைந்து வளரும்; வெயிலின் புறஊதாக் கதிர்கள் நீரிலுள்ள குளோரினைச் சில மணி நேரத்தில் அழித்துவிடும். மோட்டார் ஓய்வை நாடும் பருவத்தில் குளம் அதனிடம் மிகுதியான வேலையைக் கேட்கிறது. குளோரின் குறைந்த, நீர் சுழலாத குளம் நோய்க்கு இடமாகுமாதலால் மோட்டாரை நிறுத்திவிடுவதும் விடையாகாது. வடிகட்டலில் முதன்மையானது நீரின் மொத்த அளவு. அது எந்த மணியில் வடிகட்டப்பட்டது என்பது அவ்வளவு முக்கியமன்று. ஆதலால் குளிப்போர் வரும் காலை, மாலை நேரங்களிலும், காற்று 30 டிகிரிக்குக் கீழ் இறங்கும் பின்னிரவிலும் மோட்டாரை ஓட்டி, குளம் மூடியிருக்கும் நண்பகலில் நிறுத்தலாம். குளோரினையும் மாலையில் இட்டால் இரவு முழுவதும் வெயிலின் அழிவின்றிப் பயன்படும். வேகத்தை மாற்றக்கூடிய மோட்டாராயின், வேகத்தைப் பாதியாக்கும்போது ஆற்றல் தேவை எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குகிறது. இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் மின்சாரம் மிச்சமே. விசிறியும் மெதுவாகச் சுழலும் என்றாலும், பிறக்கும் வெப்பம் அதைவிட மிகுதியாகக் குறைந்துவிடுகிறது. வடிகட்டிக்குரிய குறைந்தபட்ச நீரோட்டம் மட்டும் கெடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மோட்டாருக்கு மேலே கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்கவேண்டும். விசிறி மூடிக்கும் சுவருக்கும் இடைவெளி விட்டு, மூடியின் துளைகளில் படியும் தூசியையும் வேப்பஞ்சருகையும் வாரம் ஒருமுறை அகற்றவேண்டும். சூடு தணிய மோட்டாரின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தும் பழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. சாக்கு காற்றை அடைக்கிறது. ஈரம் முனைப்பெட்டிக்குள் இறங்கி உயிருக்கே கேடு விளைவிக்கலாம். வெப்பக் காப்புச் சாதனம் தானாக நிறுத்துவதும் மீண்டும் ஓட்டுவதுமாக இருந்தால், அதை நேரிணைப்புச் செய்து விலக்கிவிடாமல், முதலில் முனைகளில் மின்னழுத்தத்தையும், அடுத்து மின்னோட்டத்தையும் அளந்து பெயர்த்தகட்டுடன் ஒப்பிடவேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் மின்னோட்டம் மிகுந்திருந்தால், தாங்கு உருளைகளையும் பம்பின் சுழலியையும் ஆராயவேண்டும். மின்னோட்டமும் சரியாக இருந்தால், குறை காற்று வழியில்தான்.