பெண் என்றால் பொறுப்பு குறையுமா?

தீவிரவாதச் செயலில் சிக்கியவர் ஆண் என்றால், "ஏன் செய்தான்?" என்று கேட்கிறோம். பெண் என்றால், "யார் செய்ய வைத்தார்கள்?" என்கிறோம். இவ்வேறுபாடு நியாயமா என்பது தத்துவ அறிஞர்கள் ஆராயும் கேள்விகளுள் ஒன்று.

நாம் வாழும் புனேயில் 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டனர். வீடு வீடாகப் புகுந்து நடத்திய பிளேக் சோதனைகளால் மூண்ட கோபமே காரணம் என்பர். அச்செயலைப் போற்றுவோரும் கண்டிப்போரும், அது அவர்களே எடுத்த முடிவு என்பதில் ஐயம் கொள்வதில்லை.

இனி நளினி வழக்கைப் பார்ப்போம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி படுகொலையில் அவருக்குப் பங்குண்டு என்று 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் தீர்ப்பளித்தனர். தண்டனையில்தான் கருத்து வேறுபாடு. இருவர் தூக்கு என்றனர், நீதிபதி கே.டி. தாமஸ் ஆயுள் தண்டனை போதும் என்றார். நளினி, பின்னர் தம் கணவரான முருகனால் மனம் மாற்றப்பட்டவர், தலைமைப் பங்கு வகிக்காதவர், சிறையில் பெற்ற குழந்தை அநாதையாகக் கூடாது என்பன அவர் கூறிய காரணங்கள். 2000-ல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 நவம்பரில் நளினி விடுதலையானார்.

இக்காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் நலன் கருணைக்குரிய காரணம். அது குற்றத்தின் அளவைக் குறைப்பதில்லை. சிறிய பங்கு என்பது பொறுப்பையே குறைக்கும். ஆனால் அது ஆணுக்கும் பொருந்தும். மனம் மாற்றப்பட்டது? அறியாமையும் பலவந்தமுமே பொறுப்பைக் குறைக்கும் என்றார் அரிஸ்டாட்டில். அன்புக்குரியவர் பேச்சில் மயங்குவது பலவந்தம் ஆகுமா? ஆகும் என்றால், தலைவர் பேச்சில் மயங்கிய இளைஞனுக்கும் அதே சலுகை தர வேண்டும் அல்லவா?

கருணை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். தூக்கைத் தவிர்த்தது நன்றே. ஆனால் "பாவம், அவளுக்கு என்ன தெரியும்!" என்ற இரக்கம், "பெண் புத்தி பின் புத்தி" என்ற பழமொழியின் மறுபக்கமே. தவறுக்குப் பொறுப்பேற்கும் அறிவு பெண்ணுக்கு இல்லை என்றால், படிப்பையும் வேலையையும் வாழ்க்கைத் துணையையும் தேர்ந்தெடுக்கும் அறிவு மட்டும் எங்கிருந்து வரும்? மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதே இருவருக்கும் நாம் செய்யும் மரியாதை.