தகுதியைக் காண்பதும் காப்பதும்



முத்துப்பேட்டை காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ள ஊர். மேட்டூர் அணை திறந்தாயிற்று என்ற செய்தி கேட்டதும் எங்கள் உழவர் மகிழ்வர். ஆனால் தண்ணீர் இங்கு வந்து சேருமா, வந்தது கதிர் முற்றும் வரை நிற்குமா என்ற கவலை அவர்களை விட்டு நீங்குவதில்லை. நல்ல விதையைத் தெரிந்தெடுப்பது ஒரு வேலை. விளையும் வரை அதற்கு நீர் காட்டுவது மற்றொரு வேலை.

பல்கலைக் கழக ஆராய்ச்சிக்கும் இவ்விரண்டு வேலைகள் உண்டு. தகுதியுடையவரைக் காண்பது ஒன்று; கண்டபின் அவரைக் காப்பது மற்றொன்று. ஐரோப்பியப் பல்கலைக் கழகங்கள் இவற்றை எவ்வாறு செய்தன, எங்கே தவறின என்பதை, நம் காவிரிக் கரையில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜனுடைய வரலாற்றைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் ஜவுளிக் கடையில் கணக்கர். 1904இல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் அச்சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை.

தேர்வாளர்கள் நேர்மையற்றவர்கள் அல்லர். அனைவரையும் ஒரே அளவுகோலால் அளந்தார்கள். மரக்கால் நெல்லை அளக்க நல்ல கருவி. பொன்னை நிறுக்க அது உதவாது.

1911இல் இராமானுஜனுடைய முதற் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். 1913 ஜனவரி 16இல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் அவர் எழுதிய வேறு இரு கேம்பிரிட்ஜ் அறிஞர்களிடமிருந்து உதவி கிட்டவில்லை.

ஹார்டியின் முன் இருந்தவை என்ன? பட்டம் இல்லை, பரிந்துரை இல்லை, நிறுவல்களும் இல்லை. ஏறக்குறைய 120 தேற்றங்கள் மட்டுமே இருந்தன. அவரும் நண்பர் லிட்டில்வுட்டும் அமர்ந்து அவற்றைப் படித்தனர். சில முன்பே அறியப்பட்டவை, சில பிழையானவை, சிலவோ முதல் தரக் கணித அறிஞரன்றி வேறொருவர் எழுத இயலாதவை. ஹார்டி ஆளை நோக்கவில்லை, வேலையை நோக்கினார். வேலையைப் படித்து மதிப்பிட வல்ல ஒருவர் கண்ணில் பட்டபோதுதான் தகுதி வெளிப்பட்டது.

இவ்விடத்தில் என் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு மாணவன் கணக்கிற்கு வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினான். விடை சரிதான், பார்த்து எழுதியிருப்பான் என்று கருதிப் பாதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். “இதை எவ்வாறு கண்டாய்?” என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. அக்கேள்வி இன்றும் என்னிடமே தங்கியிருக்கிறது.

இனி, காக்கும் வேலையைப் பார்ப்போம். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் இராமானுஜனுடைய குறிப்பேடுகளைப் பார்த்துச் சென்னைப் பல்கலைக் கழகத்திற்குப் பரிந்துரை எழுதினார். பட்டமில்லாத அந்த இளைஞருக்குப் பல்கலைக் கழகம் 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் ஈராண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவி வழங்கியது. மூன்று திங்களுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பதே நிபந்தனை. மறு ஆண்டு அவர் இங்கிலாந்து செல்ல ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. டிரினிடி கல்லூரி 60 பவுன் சேர்த்தது. 1914 மார்ச் 17இல் கப்பல் ஏறினார்.

அதன் விளைவு என்ன? 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? விடை 39,72,99,90,29,388. இத்தகைய எண்ணிக்கையைக் காண 1918இல் இராமானுஜனும் ஹார்டியும் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார்கள். ஒருவருடைய உள்ளுணர்வும் மற்றவருடைய நிறுவல் ஒழுங்கும் சேர்ந்து விளைந்த பயிர் அது. கேம்பிரிட்ஜ் 1916இலேயே பரீட்சையின்றி, ஆராய்ச்சிக்காகவே அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்திருந்தது.

ஆனால் குறைகளும் இருந்தன. 1917இல் டிரினிடி அவரைக் கல்லூரி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1918இல் ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்த பின்னரே டிரினிடியும் ஏற்றது. அப்போதும் நிறவேற்றுமை எண்ணம் எதிர்த்து நின்றதை லிட்டில்வுட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். போர்க்காலத்தில் தக்க மரக்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் தனிமையும் சேர, 1917இல் கடும் நோயுற்றார். பணம் வந்தது, உடலைக் காக்க வகை ஏற்படவில்லை. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் தம் 32ஆம் வயதில் சென்னையில் காலமானார். இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் டிரினிடி நூலகத்தில் கிடந்து, 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன.

ஒரு நூற்றாண்டிற்குப் பின்னும் ஐரோப்பா இதே இரு கேள்விகளோடு போராடுகிறது. 2007இல் தோன்றிய ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழு, ஆய்வின் சிறப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, இளம் ஆய்வாளருக்கும் ஐந்தாண்டுகள் வரை நிதி தருகிறது. கட்டுரைகளை எண்ணித் தகுதியைத் தீர்மானிக்கும் வழக்கத்தை மாற்ற, 2022இல் பல நிறுவனங்கள் ஓர் உடன்படிக்கை செய்தன. துறையறிந்தோர் வேலையைப் படித்தே மதிப்பிடவேண்டும் என்பது அதன் சாரம். ஹார்டி செய்தது அதுவேயன்றோ? காக்கும் வேலையில் குறை இன்னும் தீரவில்லை. குறுகிய கால ஒப்பந்தங்களிலேயே வாழ்நாள் கழிகிறது என்று 2021இல் ஜெர்மனியின் இளம் ஆய்வாளர்கள் குரல் எழுப்பினர். ஒரு முறை நீர் விட்டு மடையை அடைத்தால் பயிர் என்னாகும் என்பதை நம் உழவர் அறிவர்.

மாணவர்களே, மற்றப் பாடங்களைக் கைவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். இராமானுஜன் அதற்குப் பட்ட துன்பம் சிறிதன்று. மதிப்பெண் குறைந்தவனைத் தகுதியற்றவன் என்று தள்ளாதீர்கள் என்றே சொல்கிறேன். நாளை உங்களுள் சிலர் பிறருடைய தகுதியைத் தீர்மானிக்கும் நாற்காலியில் அமர்வீர்கள். அன்று முதலில் வேலையைப் படியுங்கள். பிறகு விளையும் வரை நீர் காட்டுங்கள்.

1919 ஜனவரியில், நோயிலிருந்து முற்றும் தேறாத நிலையில், இராமானுஜன் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு அளிக்கப்பட்ட புதிய உதவித் தொகை தேவைக்கு மிகுதி. பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளும் அநாதைப் பிள்ளைகளும் படிப்பதற்குப் பயன்படுத்துக என்று வேண்டினார். உபகாரச் சம்பளத்தை இழந்து தவித்த மாணவர், தம் பங்கு நீரை அடுத்த வயலுக்குத் திருப்பிவிட்டார்.