மின்மினி பார்க்கக் காசா?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு மின்மினிப் பூச்சி ஒரு புதுமையா? கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்ப்போம் என்று பிள்ளைகள் அழைத்தபோது நான் கேட்ட கேள்வி இது. நீங்களும் இதைத்தான் கேட்பீர்கள்.

அம்மாவுக்கோ வேறு கவலை. சிறுமியாக ரஜுலா கப்பலில் வாந்தியும் மயக்கமுமாக இந்நாட்டுக்கு வந்தவர். "அந்த ஒரு பயணமே போதும் சாமி! இனித் தண்ணீரில் கால் வைக்கமாட்டேன்" என்றார்.

ஆனாலும் நிலவில்லாத ஓர் இரவில் புறப்பட்டோம். சின்னஞ்சிறு சம்பான். பாதுகாப்புச் சட்டை மாட்டி உட்கார்ந்தோம். படகோட்டி துடுப்பு வலித்தார். இயந்திரச் சத்தமில்லை, அலையில்லை. என் கையை இறுகப் பிடித்திருந்த அம்மாவின் பிடி மெல்லத் தளர்ந்தது.

அதோ, கரையில் பெரெம்பாங் மரங்கள்! மரம் முழுவதும் விளக்குகள்! எல்லாம் ஒரே தாளத்தில் எரிகின்றன, ஒன்றாகவே அணைகின்றன. லயத்து வேலியோரம் தனியாகப் பறக்கும் மின்மினி வேறு, இது வேறு. ஆண் பூச்சிகள் துணையை அழைக்க இப்படி ஒன்றுசேர்ந்து மின்னுகின்றனவாம். இந்த வெளிச்சத்தில் சூடும் இல்லை.

இனி நம் கதைக்கு வருவோம். வளர்ந்த பூச்சி மரத்தில் கூடுகிறது. அதன் புழுவோ கரையோர ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆற்றோரக் காட்டை அழித்தால், பூச்சிமருந்து ஆற்றில் கலந்தால், புழு மடியும். பிறகு மரம் மட்டும் நின்று என்ன பயன்?

இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917 இல் நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடப்பட்டது. செம்பனை நமக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஆற்றின் விளிம்புவரை அதை நட வேண்டுமா? தோட்டத்து மக்களாகிய நாமும் எண்ணிப் பார்க்க வேண்டியது இது.

நீங்கள் போவதானால் மாலையிலேயே சென்று, புக்கிட் மெலாவத்தியில் 1907 இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைக் காணுங்கள். குரங்குகள் பிள்ளைகளை மகிழ்விக்கும். இருட்டியபின் படகேறுங்கள். கைவிளக்கு, கேமரா வெளிச்சம் வேண்டாம். பூச்சியைப் பிடிக்க வேண்டாம். கொசுவுக்கு நீளக்கைச் சட்டை போதும்.

படகு கரை தட்டியது. இறங்கக் கை நீட்டினேன். அம்மா எழுந்திருக்கவில்லை.

"அதற்குள் கரை வந்துவிட்டதா?" என்றார்.