பாரமான மோட்டாரா, பாரம் குறைந்த மோட்டாரா?

2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் காத்து நின்ற எம்மவர்கள் பலர், வீட்டின் மூலையில் சாத்தி வைத்திருந்த துவிச்சக்கர வண்டியை மீண்டும் வீதிக்கு எடுத்தனர். வரிசைகள் மறைந்தன, எரிபொருளின் விலை மறையவில்லை. பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தொலைவில் தொழில் செய்பவரும், முழங்கால் வலியால் முன்போல மிதிக்க இயலாத முதியவரும் தமது வண்டிக்கு ஒரு மின்மோட்டாரைப் பூட்டினால் என்ன என்று இன்று சிந்திக்கின்றனர். சில்லின் நடுவிலுள்ள குடத்தை அகற்றிவிட்டு, மோட்டாரையே குடமாகக் கொண்ட சில்லொன்றைப் பொருத்துவதே இதற்குரிய எளிய வழியாகும். புதிதாக விற்பனைக்கு வரும் மின்சாரத் துவிச்சக்கர வண்டிகளிலும் பெரும்பாலும் இவ்வகை மோட்டாரே காணப்படுகின்றது.

கடைக்குச் செல்பவரின் முன்னால் இரு வகை மோட்டார்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று இரண்டு முதல் நான்கு கிலோகிராம் வரை பாரமுடையது. மற்றையது ஐந்து முதல் ஏழு கிலோகிராம் வரை, சில வேளைகளில் அதற்கும் மேலாகப் பாரமுடையது. இரும்பு கூடினால் இழுவையும் கூடும் என்று எண்ணிப் பாரமானதையே தூக்கி வருவோர் எம்மிடையே அநேகர். மலையகத்து வாசகர் ஒருவர் இந்த எண்ணத்துடன் கடைக்குள் நுழைவாராயின், அவருடைய சேமிப்பு வீணாகப் போவதற்கு இடமுண்டு. ஆகவே இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பாரமான மோட்டார் அமைப்பில் மிக எளிமையானது. அச்சு அசையாது நிற்கும். அச்சைச் சுற்றி இரும்புத் தகடுகளும் அவற்றின் மீது செப்புச் சுருள்களும் இருக்கும். வெளிக்கூட்டின் உட்புறத்தில் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். மின்னோட்டம் பாயும்போது வெளிக்கூடு சுழலும். அக்கூடே சில்லின் குடமாதலால் வண்டி நகரும். இடையில் பற்சில்லு எதுவும் இல்லை. இதனை நேரடி மோட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

சிக்கல் சுழலும் வேகத்தில்தான் உள்ளது. மின்மோட்டார் வேகமாகச் சுழலும்போதே நன்கு வேலை செய்யும். ஆனால் 26 அங்குலச் சில்லு மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 தடவைகள் மாத்திரமே சுற்றும். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் அது 80 ஆகக் குறைந்துவிடும். இந்த மெதுவான சுழற்சியில் வேண்டிய முறுக்கு விசையைப் பெறுவதற்குப் பெரிய விட்டமும், கூடுதலான காந்தமும், கூடுதலான செம்பும் தேவைப்படுகின்றன. நேரடி மோட்டாரின் பாரம் இவ்வாறு வந்ததே.

பாரம் குறைந்த மோட்டாரின் வயிற்றுக்குள் சிறியதொரு மோட்டார் சில்லைப் போல நான்கைந்து மடங்கு வேகத்தில் சுழலுகின்றது. அதன் முனையிலுள்ள சிறு பற்சில்லைச் சுற்றி மூன்று பற்சில்லுகள் அமைந்து, அந்த வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைப் பெருக்கிக் கொடுக்கின்றன. மோட்டார் வண்டி ஒன்றில் முதலாம் கியரைப் போட்டு மேட்டில் ஏறுவதற்கு இது ஒப்பானது. இதனைப் பற்சில்லு மோட்டார் எனலாம். ஆறு கிலோகிராம் இரும்பு செய்யும் வேலையை மூன்று கிலோகிராம் செய்வதன் இரகசியம் இதுவே. எனவே பாரத்தை வைத்து வலிமையை அளப்பது தவறான அளவுகோலாகும்.

மின்கலம் தீர்ந்துவிட்டால் என்ன நிகழும் என்பதிலும் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. 1990களில் வடக்கில் எரிபொருளுக்கும் மின்கலங்களுக்கும் தடை விதிக்கப்பட்டிருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர். டைனமோவைச் சில்லுடன் அழுத்தியதும் மிதிப்பது எவ்வளவு கடினமாகிவிடும் என்பதை அவர்களது கால்கள் மறந்திருக்க மாட்டா. நேரடி மோட்டாரும் மின்சாரம் இல்லாதபோது ஏறக்குறைய அத்தகையதே. காந்தங்கள் இரும்புத் தகடுகளை எப்போதும் இழுத்துக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடை இருக்கும். பற்சில்லு மோட்டாரிலோ பிறீவீலைப் போன்ற ஒருவழிப் பிடி உள்ளது. மின்சாரம் நின்றதும் உள்ளேயுள்ள மோட்டார் நின்றுவிடும், சில்லு சாதாரணச் சில்லைப் போலச் சுழலும். இடையில் மின்கலம் தீர்ந்து மிதித்தே வீடு திரும்ப நேர்பவருக்கு இது சிறிய விடயமன்று.

இனி மலைப்பாதைக்கு வருவோம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 100 கிலோகிராம் எனக் கொள்வோம். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் மேட்டில் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதற்குச் சில்லில் சுமார் 300 வோட் வலு தேவை. இந்த வேகத்தில் பற்சில்லு மோட்டார் மின்கலத்திலிருந்து சுமார் 400 வோட் பெறும். சாதாரண நேரடி மோட்டார் 600 வோட் வரை உறிஞ்சக் கூடும். மேலதிகமான 300 வோட் முழுவதும் வெப்பமாக மாறிச் சில்லின் உள்ளேயே தங்குகின்றது. சிறிய சோற்றுக் குக்கர் ஒன்றைக் குடத்துக்குள் பூட்டி வைத்ததற்கு இது சமமாகும்.

இதே கணக்கைச் சற்று நீட்டுவோமாயின், மிதிக்காமல் இம்மேட்டில் ஆயிரம் மீற்றர் உயரம் ஏற முதல் வகைக்கு 400 வோட் மணியும் இரண்டாவது வகைக்கு 600 வோட் மணியும் வேண்டும். 36 வோல்ட், 13 அம்பியர் மணி கொண்ட மின்கலத்தில் இருப்பது 468 வோட் மணி மாத்திரமே. ஒருவர் மேலே சென்று சேருவார். மற்றவர் நடுவழியில் இறங்கித் தள்ளுவார்.

எனினும் பற்சில்லு மோட்டாருக்கும் ஓர் எல்லை உண்டு. முறுக்கு விசை இரு மடங்கானால் செப்புச் சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பௌதிகவியல் விதி. இவ்வகை மோட்டார் வெளிக்கூட்டுக்குள் மற்றொரு கூடாக அடைபட்டிருப்பதால் அவ்வெப்பம் வெளியேறுவது கடினம். நைலோன் பற்சில்லுகள் சூட்டில் மென்மையடைந்து பற்கள் சிதைந்துவிடும். ஆதலால் தோட்டப் பாதைகளின் செங்குத்தான மேடுகளில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, மிதியாமல், விசையை முழுதாகத் திருகி ஏறுவது அதனைக் கொல்லும் வழியாகும். தானும் மிதித்து வேகத்தைச் சற்றுத் தக்கவைத்துக் கொள்பவரிடம் அதே மோட்டார் பல்லாண்டுகள் உழைக்கும்.

பாரமான மோட்டாரின் பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கின்றது. இறக்கத்தில் அது தானே பிரேக்காகத் தொழிற்படும். கண்டி, மகியங்கனை வீதியின் 18 வளைவுகளில் இறங்கியவர்களுக்கு, மழையில் நனைந்த இரும்பு றிம்மில் பழைய பிரேக் கட்டைகள் எவ்வாறு வழுக்கும் என்பது தெரியும். அங்கே மோட்டாரின் பிடி பெரும் ஆறுதலாக அமையும். ஆனால் இறக்கத்தில் மின்கலம் மீண்டும் நிறைந்துவிடும் என்று கூறும் விற்பனையாளரின் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. நாளாந்தப் பயணத்தில் செலவிட்ட மின்சாரத்தில் பத்திலொரு பங்கு திரும்பக் கிடைத்தாலே அது நல்ல பலன்.

நேரடி மோட்டாருக்கு உகந்த இடம் சமதரையே. யாழ்ப்பாணக் குடாநாடும், மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, கல்முனை வழியாக அக்கரைப்பற்று வரை நீளும் கரையோரமும், புத்தளமும் ஏறக்குறைய மேடு பள்ளமற்றவை. இங்கு ஓட்டுநரின் எதிரி காற்று. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதற்கு அமைதியான நாளில் 190 வோட் போதும். பண்ணைப் பாலத்தில் சோளகம் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் முகத்துக்கு நேரே வீசுமானால் அதுவே 380 வோட்டை நெருங்கும். இவ்வளவு வலுவை மணிக்கணக்கில் தொடர்ந்து கொடுப்பதற்குப் பாரமான மோட்டாரின் இரும்பும் அகன்ற கூடும் உதவுகின்றன. தேய்வதற்குப் பற்சில்லுமில்லை, இரைச்சலுமில்லை. மீன்பெட்டியுடன் அல்லது புடைவைப் பொதியுடன் நாள் முழுவதும் ஊரூராகச் செல்லும் வியாபாரிக்கு நாம் இதனையே பரிந்துரைப்போம்.

ஆனால் அவர்களைப் போன்றோர் சிலரே. பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் சென்று வருபவர்களே பலர். வண்டியை வீட்டுப் படியில் தூக்கி ஏற்ற வேண்டியவர்களும் அவர்களே. சமதரையில் வசித்தாலும் இவர்களுக்குப் பாரம் குறைந்த மோட்டாரே சிறந்தது என்பது எமது கருத்து.

எவ்விடத்தில் வசித்தாலும், கடைக்குச் செல்லுமுன் தமது வழக்கமான பாதையில், வழக்கமான சுமையுடன், மிக மெதுவாகச் செல்ல நேரும் இடம் எது, அவ்விடத்தில் எவ்வளவு நேரம் அவ்வாறு செல்ல வேண்டியிருக்கும் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நன்று. மோட்டாரைத் தீர்மானிப்பது அந்த இடமே. கூட்டின் மேல் பொறிக்கப்பட்ட வோட் அளவு அதிகம் உதவாது. 250 வோட் என்று எழுதப்பட்ட மோட்டாரும் 36 வோல்ட்டில் 15 அம்பியர் தரும் கட்டுப்படுத்தியுடன் இணைக்கப்பட்டால் 540 வோட் வரை இழுக்கும். கட்டுப்படுத்தியின் அம்பியர் அளவைக் கேட்டறிவதே பயனுள்ளது.

பழைய ராலி வண்டிகளை வைத்திருப்போர் மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் 28 அங்குலச் சில்லும் மோட்டாருடன் வரும் 28 அங்குலச் சில்லும் ஒன்றல்ல. டயர் அமரும் விட்டம் முன்னதில் 635 மில்லிமீற்றர், பின்னதில் பெரும்பாலும் 622 மில்லிமீற்றர். எனவே பழைய டயர் புதிய றிம்மில் பொருந்தாது. கம்பிப் பிரேக்கும் அந்த றிம்முக்கு ஏற்றதல்ல. முன் கவரின் இடைவெளியும் மோட்டாரின் அச்சுக்குக் குறைவாக இருக்கும். இரும்புக் கவராயின் அனுபவமுள்ள திருத்துநர் அதனைச் சற்று விரித்துக் கொடுக்கலாம். அலுமினியக் கவரில் அவ்வாறு செய்தல் ஆகாது. முறுக்கு விசையைத் தாங்காமல் அது முறிந்தால் ஓட்டுநர் முகங்குப்புற விழுவார்.

இரு வகையிலும் சில்லைச் சுழற்றும் அதே விசை அச்சை எதிர்ப்புறமாகத் திருகிக்கொண்டே இருக்கும். அச்சைத் தண்டுடன் பிணைக்கும் இரும்புப் பட்டை ஒன்றைப் பொருத்தாவிடில், என்றோ ஒருநாள் அச்சு புரண்டு மின்கம்பிகளை அறுத்துவிடும். பாரமான மோட்டாராயின் பட்டை இரு பக்கமும் தேவை. முதல் ஐம்பது கிலோமீற்றர் ஓடிய பின்னர் அச்சின் சுரைகளையும் சில்லின் கம்பிகளையும் மீண்டும் ஒரு தடவை இறுக்குவித்துக்கொள்ள வேண்டும்.