லீடர் இல்லாத அரை மணி நேரம்

பி.காம். மாணவர்களுக்கு மேலாண்மைப் பாடம் எடுக்கிறேன். அதில் தலைமைத்துவம்னு ஒரு அலகு. தன்னம்பிக்கை, தொலைநோக்கு, நேர்மைனு எட்டு உபதலைப்பு போட்டு எழுதினா நல்ல மார்க் வாங்கிடலாம். எழுதுறவங்க யாராவது பத்து பேரை வெச்சு ஒரு வேலையை முடிச்சிருக்காங்களா? இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளா தோணவே இல்லை.

தோண வெச்சது எங்க துறை விழா. மாணவர்கள் சாப்பாட்டுக் கடை போடுவாங்க. நல்லா பேசுற, எதையும் முடிச்சுக் கொடுக்கிற ஒரு பையன்கிட்டயே வருஷா வருஷம் பொறுப்பை விட்டேன். மூணாம் வருஷம், விழா அன்னைக்குக் காலையில அவனுக்குக் காய்ச்சல். பதினொரு மணி ஆகியும் அடுப்பு வரலை. யாருகிட்ட சொல்லி வெச்சிருந்தான்னு மீதி பதினாலு பேருக்கும் தெரியாது. எல்லாரையும் திட்டினேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் தப்பு என்னோடதுன்னு உறைச்சது. தெரிஞ்சவனுக்கே வாய்ப்பு கொடுத்துட்டு, மத்தவங்களை எடுபிடியாவே வெச்சிருந்திருக்கேன்.

இதைப் பத்தி ஒரு பழைய ஆய்வு இருக்கு. கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வொயிட் மூணு பேரும் அமெரிக்காவின் அயோவாவில் செய்து, 1939ல் வெளியிட்டது. பத்து வயசுப் பையன்களின் கைவேலைக் குழுக்களை மூணு விதமா நடத்திப் பார்த்தாங்க: எல்லாத்தையும் தலைவரே சொல்றது, கலந்து பேசி முடிவெடுக்கிறது, கண்டுக்காம விடுறது. கடைசி வகையில் வேலை குறைவு, தரமும் சுமார். முதல் வகையில் வேலை நிறைய நடந்தது. ஆனா தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் அது சரிஞ்சிடுச்சு. கலந்து பேசின குழு மட்டும் கிட்டத்தட்ட அதே மாதிரி வேலையைத் தொடர்ந்தது. எங்க கடை எந்த வகைன்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

அப்போ கல்லூரியில் இதை எப்படிப் பழக்குறது? மாசசூசெட்ஸின் பாப்சன் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் குழுவா சேர்ந்து நிஜமாவே ஒரு தொழில் நடத்துற பாடம் பல வருஷமா இருந்திருக்கு. முதல் பணம் கல்லூரி தர்ற கடன். லாபம் தொண்டுக்குப் போகும். அவ்வளவு பணம் நமக்கு வேண்டாம். தோத்தா கொஞ்சமாவது வலிக்கணும், அதான் விஷயம்.

நான் செஞ்சது மூணு மாற்றம். ஒண்ணு, சின்னக் குழுக்கள், ஒவ்வொண்ணுக்கும் 500 ரூபா, வாரம் ஒரு லீடர். ரெண்டு, வேலை முடிஞ்சதும் இருபது நிமிஷப் பேச்சு: என்ன முடிவெடுத்தீங்க, ஏன், அடுத்த தடவை எப்படி? அனுபவத்தை அசைபோட்டாத்தான் அது பாடமாகும்னு டேவிட் கோல்ப் 1984ல் விரிவா எழுதினது இதைத்தான். மூணு, விழா நடக்கும்போதே லீடரை அரை மணி நேரம் லைப்ரரிக்கு அனுப்பிடுவேன்.

போன தடவை ஒரு குழு அந்த அரை மணியில் சண்டை போட்டு, விலையைக் குழப்பி, கடைசியில 140 ரூபா நஷ்டம். இன்னொரு குழுவில் பால் தீர்ந்துபோச்சு. வகுப்புல வாயே திறக்காத ஒரு பொண்ணு, "நீ கல்லாவைப் பாரு, நீ லெமன் ஜூஸ் போடு"ன்னு ஆளுக்கொரு வேலையைப் பிரிச்சுக் கொடுத்துட்டு, தானே பால் வாங்கக் கிளம்பிட்டா. லீடர் திரும்பி வந்தப்போ அவனுக்குச் செய்ய வேலையே இல்லை.

இருபது நிமிஷப் பேச்சில் அதிகம் கத்துக்கிட்டது நஷ்டப்பட்ட குழுதான். அடுத்த வாரம் விலைப்பட்டியலை எழுதி ஒட்டிட்டுத்தான் கடையைத் திறந்தாங்க. அந்தப் பொண்ணு பரீட்சையில் தலைமைத்துவக் கேள்வியைத் தொடவே இல்லைங்கிறது வேற விஷயம்.