சபா கணக்கைக் காப்பாற்றிய எக்ஸெல்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சீட்டாட்டம், பேரனுக்கு இ-மெயில், இவை தவிர வேறெதற்கும் நான் அதைத் தொட்டதில்லை. அந்த நேரத்தில் எங்கள் பேட்டையில் உள்ள சிறிய இசை சபாவுக்கு என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். "உங்க வீட்லதான் கம்ப்யூட்டர் இருக்கே சார்!" என்பதுதான் என் தகுதி.

முதல் கமிட்டிக் கூட்டத்தில் பாஸ்புக்கைக் காட்டினேன். இருப்பு ரூ.1,86,000. எல்லோருக்கும் சந்தோஷம். மார்கழி விழாவுக்கு ஹால் வாடகை, கலைஞர்கள் சன்மானம், மைக் செட் எல்லாம் சேர்த்து ரூ.95,000 செலவழிக்க முடிவு செய்தோம்.

அடுத்த வாரம் மூத்த உறுப்பினர் ஒருவர் போன் செய்தார். "வீணை படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை எப்போ சார் கொடுக்கப் போறீங்க?" மறைந்த மனைவியின் நினைவாக, அதற்கென்றே அவர் கொடுத்திருந்த ரூ.1,20,000 அந்த இருப்புக்குள்தான் இருந்தது. அதைக் கழித்தால் எங்கள் கையில் ரூ.66,000 மட்டுமே. விழாவுக்கு ரூ.29,000 குறைகிறது! அவர் கேட்காமல் இருந்திருந்தால், பிள்ளைகளின் பணத்தில் மேடை போட்டிருப்போம்.

பெரிய இடத்திலும் இதே கதை

இது சின்ன சபாக்களின் பிரச்னை மட்டும் அல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா, 2011 ஏப்ரலில் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு நீதிமன்றம் சென்றது. அப்போது அதனிடம் சுமார் 14 கோடி டாலர் நிரந்தர நிதி இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி நன்கொடையாளர்கள் நிபந்தனையோடு கொடுத்தது. சம்பளம் போட நினைத்தபடி எடுக்க முடியாது. பாங்க்கில் இருக்கும் பணம் வேறு, செலவழிக்கக் கூடிய பணம் வேறு!

ஒரே ஷீட் போதும்

அன்று இரவே எக்ஸெல்லைத் திறந்தேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, ரசீது எண், யார், எதற்காக, வரவு, செலவு.

இதில் உயிர்நாடி 'எதற்காக' என்ற பத்திதான். ஒவ்வொரு வரியிலும் பொது, விழா, உதவித்தொகை என ஏதாவது ஒன்றை எழுதுங்கள். எழுத்து மாறக் கூடாது. 'உதவித்தொகை', 'உதவி தொகை' இரண்டையும் கம்ப்யூட்டர் வேறு வேறாகத்தான் பார்க்கும்.

பிறகு தலைப்பு வரிசையில் கர்சரை வைத்து, டேட்டா பகுதியில் பில்டரை க்ளிக் செய்யுங்கள். தலைப்புகளில் சிறிய அம்புக்குறிகள் தோன்றும். 'எதற்காக' அம்புக்குறியை அழுத்தி, 'உதவித்தொகை'யை மட்டும் தேர்ந்தெடுங்கள். வரவு, செலவு பத்திகளின் அடியில் ஆட்டோசம் பட்டனை அழுத்தினால், திரையில் தெரியும் வரிகள் மட்டும் கூட்டப்படும். வரவில் செலவைக் கழித்தால் அந்த நிதியின் உண்மையான இருப்பு கிடைத்துவிடும். பைலின் ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டுத் தலைவரிடமும் கொடுத்து வையுங்கள்.

கணக்கைச் சொல்லவும் வேண்டும்

அமெரிக்காவின் மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவில் 2012 அக்டோபரில் சம்பளத் தகராறு முற்றி, நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. நிதிநிலையை வெளியார் ஒருவர் ஆராய வேண்டும் என்று கலைஞர்கள் கேட்டார்கள். ஒருவர் கணக்கை மற்றவர் நம்பாத நிலை. 2014 ஜனவரியில்தான் உடன்பாடு ஏற்பட்டது.

எனவே மாதம் ஒரு முறை, ஒவ்வொரு நிதியின் இருப்பையும் ஒரே பக்கத்தில் எழுதி, பி.டி.எப். ஆகச் சேமித்து உறுப்பினர்களுக்கு மெயில் அனுப்புகிறேன். முகவரிகளை பி.சி.சி. கட்டத்தில் போடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.

விழா என்னவாயிற்று? வாடகை ஹாலை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட ஹாலில் நடத்தினோம். கலைஞர்கள் சன்மானத்தில் கை வைக்கவில்லை. உதவித்தொகையும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று அந்தப் பெரியவரிடம் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு 'உதவித்தொகை' வரிகளை மட்டும் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கச்சேரி கேட்க உட்கார்ந்துவிட்டார்.